வீட்டை வரையும் முன் குழியை வரையுங்கள்: கொழும்புப் புறநகரில் செப்டிக் தொட்டியும் உறிஞ்சுகுழியும் அமைப்பதற்கான முழுமையான வழிகாட்டி

கொழும்பில் வரையப்படும் வீட்டுப் படங்களில் கடைசியாக இடம்பிடிப்பது பெரும்பாலும் ஒரு சிறிய செவ்வகமும் அதன் அருகில் ஒரு வட்டமும்தான். அறைகள், வாகனத் தரிப்பிடம், மாடிப்படி, சாமியறை எல்லாம் முடிந்த பிறகு பின்மூலையில் மிஞ்சிய துண்டில் செவ்வகத்துக்குச் செப்டிக் தொட்டி என்றும் வட்டத்துக்கு உறிஞ்சுகுழி என்றும் பெயர் எழுதி, படத்தை அனுமதிக்கு அனுப்பிவிடுகிறார்கள். இருபது வருடங்களாக இந்தத் துறையில் வேலை செய்யும் என்னிடம் ஆலோசனை கேட்டு வருபவர்களில் பாதிப்பேர் அந்த வட்டம் நிரம்பி வழியத் தொடங்கிய பிறகே வருகிறார்கள். அப்போது வீடு எழுந்து, மதில் கட்டி, முற்றத்துக்குக் கல்லும் பதித்து முடிந்திருக்கும். ஆகவே இந்த வழிகாட்டியை வழக்கமான வரிசைக்கு மறுதலையாக, மண்ணிலிருந்து தொடங்குகிறேன்.

முதலில் அறிய வேண்டியது: உங்கள் வீதியில் கழிவுநீர்க் குழாய் இருக்கிறதா

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை போன்ற மாநகர சபை எல்லைக்குள் உள்ள பெரும்பாலான வீதிகளின் அடியில் நூறு வருடத்துக்கு மேற்பட்ட வரலாறு கொண்ட கழிவுநீர்க் குழாய் வலையமைப்பு இருக்கிறது. அங்கு சேரும் நீர் நீரேற்று நிலையங்களைத் தாண்டி, முகத்துவாரத்திலும் வெள்ளவத்தையிலும் கடலுக்குள் நீளும் குழாய்களை அடைகிறது. உங்கள் காணி அந்த வலையமைப்புக்குள் இருந்தால் மாநகர சபையின் வடிகாலமைப்புப் பிரிவிடம் இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். தொட்டியும் வேண்டாம், குழியும் வேண்டாம். இந்தக் கட்டுரையில் சமையலறை எண்ணெய்ப் பொறியைப் பற்றிய பகுதி மட்டும் உங்களுக்குப் பயன்படும்.

ஆனால் வெள்ளவத்தைத் தொடர்மாடியில் பிறந்து வளர்ந்து, திருமணத்துக்குப் பிறகு வத்தளை, ஹெந்தளை, கொலன்னாவை, நுகேகொடை என்று ஆறு பேர்ச்சஸ் (ஏறத்தாழ 152 சதுர மீட்டர்) காணி வாங்கிக் குடிபோகும் குடும்பங்களுக்கு இந்த வேறுபாடு தெரிவதில்லை. தொடர்மாடியில் கைப்பிடியை அழுத்தியதும் போன இடம் தெரியாமல் போன நீர், இங்கே உங்கள் காணிக்குள்ளேயே தங்கப்போகிறது. அதை ஏற்கும் பொறுப்பு உங்கள் மண்ணுடையது.

தொட்டி எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை

செப்டிக் தொட்டி கழிவைச் சுத்தமாக்கும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. உண்மையில் அது ஓர் அமைதியான அறை மட்டுமே. உள்ளே வரும் நீர் குறைந்தது ஒரு நாளாவது அசையாமல் நிற்க வேண்டும். அப்போது கனமானவை அடியில் சேறாகப் படியும், எண்ணெயும் சவர்க்கார நுரையும் மேலே ஆடையாகக் கட்டும், நடுவில் கலங்கல் குறைந்த நீர் நிற்கும். அடிச்சேற்றைக் காற்று வேண்டாத நுண்ணுயிர்கள் மெல்லமெல்லத் தின்று குறைக்கும். நடுவிலுள்ள நீர் மறுமுனையால் வெளியேறும்போது அதன் உயிரியல் ஒட்சிசன் தேவையில் (நீரில் எஞ்சியிருக்கும் மக்கும் கழிவைக் காட்டும் அளவு) ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரையே குறைந்திருக்கும். கிருமிகளோ பெரும்பாலும் அப்படியே இருக்கும். கையில் அள்ளிப் பார்த்தால் தெளிந்ததுபோலத் தெரியும் அந்த நீர், வீதியோரக் கானுக்குள் விடத்தக்க நீர் அல்ல.

மிச்ச வேலையைச் செய்வது, அந்த நீர் போய்ச் சேரும் உறிஞ்சுகுழியைச் சுற்றியுள்ள மண். ஈரம் நிரம்பாத, காற்றோட்டமுள்ள மண்ணின் வழியே நீர் மெதுவாகக் கசியும்போது நோய்க்கிருமிகள் மண்துகள்களில் ஒட்டிக்கொண்டு மடிகின்றன, கரைந்திருக்கும் கழிவை மண்ணில் வாழும் உயிரிகள் உண்டுவிடுகின்றன. அதற்கு உறிஞ்சுகுழியின் அடிக்கும் நிலத்தடி நீர்மட்டத்துக்கும் இடையில் குறைந்தது ஒரு மீட்டர், முடிந்தால் ஒன்றரை மீட்டர், உலர்ந்த மண் இருக்க வேண்டும். அந்த உலர்மண் இல்லாவிட்டால் நீங்கள் கட்டியது நிலத்தடி நீருக்குள் மலக்கழிவைச் செலுத்தும் கிணறு.

இதனாலேயே, "ஐயா, குழி எவ்வளவு ஆழமோ அவ்வளவு நல்லது, தண்ணி வந்தாலும் பரவாயில்லை" என்று சொல்லும் மேசன் பாஸின் அனுபவத்தை நான் மதித்தாலும் அவருடைய ஆலோசனையை ஏற்பதில்லை. நீர் வந்த ஆழத்தோடு குழியின் பயன் முடிந்துவிடுகிறது.

முதற்படி: மழைக்காலத்தில் மண்ணைக் கேளுங்கள்

கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் மண்ணளவில் இரண்டாகப் பிரிக்கலாம். சற்றே மேடான பகுதிகளில் கபுக் எனப்படும் செம்மண்கல் கிடக்கிறது. அது உறுதியானது, ஓரளவுக்கு நீரையும் உறிஞ்சும். தாழ்வான பகுதிகளில், முத்துராஜவெல, கொலன்னாவைச் சதுப்புகளின் ஓரங்களில், கரிய சேற்றுமண்ணின் மேல் கிரவல் கொட்டி நிரப்பிய காணிகளே அதிகம். விற்பவர் காட்டும்போது இரண்டும் ஒரே செந்நிறத்தில் இருக்கும். மூன்று அடி தோண்டினால்தான் வேறுபாடு தெரியும்.

காணி வாங்குமுன், அல்லது குறைந்தபட்சம் வீட்டுப்படம் வரையுமுன், இரண்டு குழிகளைத் தோண்டிப் பாருங்கள். ஒன்று நிலத்தடி நீர்மட்டத்தை அறிவதற்கு. அதை மே மாதத்தில் தென்மேல் பருவமழை இறங்கிய பிறகோ ஒக்டோபர், நவம்பர் மாதங்களிலோ பார்க்க வேண்டும். வத்தளையில் என் மைத்துனருக்கு நானே செய்த பிழையை இங்கே ஒப்புக்கொள்கிறேன். பெப்ரவரியில் தோண்டினோம். இரண்டரை மீட்டர் வரை ஈரமே இல்லை. மகிழ்ச்சியோடு உறிஞ்சுகுழி கட்டினோம். நவம்பரில் அவர் தொலைபேசியில் அழைத்து, கீழ்மாடி மலசலகூடத்தில் தண்ணீர் இறங்காமல் நிற்கிறது என்றார். போய்க் குழியின் மூடியைத் திறந்தபோது நீர் தரைக்கு ஓர் அடி கீழே நின்றது. உள்ளே இருந்தது வீட்டிலிருந்து வந்த நீர் மட்டுமல்ல, வெளியே நின்ற நிலத்தடி நீரும்தான். பக்கத்து வீட்டு அம்மாவிடம் அன்றைக்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தால், ஒவ்வொரு மாரிக்கும் தன் கிணறு எதுவரை ஏறும் என்று சொல்லியிருப்பார். மழையில்லாத மாதத்தில் பார்க்க நேர்ந்தால் அயல்வீட்டுக் கிணற்றின் உட்சுவரில் உள்ள பாசிக் கோட்டைக் கவனியுங்கள். உயர்ந்த நீர்மட்டத்தை அது காட்டிவிடும்.

இரண்டாவது குழி, மண் நீரை எவ்வளவு விரைவாக உறிஞ்சுகிறது என்பதை அளப்பதற்கு. நீர் கசியப்போகும் ஆழம் வரை, சுமார் 300 மில்லிமீட்டர் விட்டத்தில் ஒரு துளை தோண்டி, மண்வெட்டி பட்டு மழமழப்பான பக்கங்களை ஆணியால் கீறிவிடுங்கள். அடியில் இரண்டு அங்குலத்துக்குச் சிறு சல்லி போட்டு, ஓரடி உயரத்துக்கு நீர் ஊற்றி, இரவு முழுதும் அந்த மட்டம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த ஊறவைத்தலைத் தவிர்த்தால் காய்ந்த மண் முதல்நாள் தாகத்தில் குடிப்பதைப் பார்த்து ஏமாந்துபோவீர்கள். மறுநாள் சல்லிக்கு மேல் ஆறு அங்குலம் நீர் நிறுத்தி, அரை மணிநேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளவுகோலால் பாருங்கள். உதாரணமாக 60 மில்லிமீட்டர் இறங்கினால், 25 மில்லிமீட்டருக்குப் பன்னிரண்டரை நிமிடம் என்று வரும். அது நல்ல மண். 25 மில்லிமீட்டர் இறங்க ஒரு மணிநேரத்துக்கு மேல் எடுத்தால் அந்த மண்ணை நம்பி உறிஞ்சுகுழி கட்டக்கூடாது. ஓரிரு நிமிடத்தில் இறங்கிவிட்டாலும் கவனம் தேவை. அது சுத்திகரிக்க நேரம் கொடுக்காத பருமணல். யாழ்ப்பாணத்தில் சுண்ணாம்புக்கல் வெடிப்புகளின் வழியே குழிகளின் நீர் கிணறுகளை எட்டுவதும், அங்கு நைத்திரேற்றுப் பிரச்சினை நீண்டகாலமாகப் பேசப்படுவதும் இதே காரணத்தால் என்பது நம்மவர்களுக்குத் தெரிந்ததே, உரத்துக்கும் அதில் பங்கு இருந்தபோதிலும்.

இரண்டாம் படி: கிணறுகளைச் சுற்றி வட்டம் போடுங்கள்

குடிநீர்க் கிணற்றுக்கும் உறிஞ்சுகுழிக்கும் இடையில் 50 அடி, அதாவது 15 மீட்டருக்குக் குறையாத இடைவெளி வேண்டும் என்பது பழகிய கணக்கு. மணற்பாங்கான நிலத்தில் அதையும் கூட்ட வேண்டும். இந்த எண்ணைச் சொல்வது எளிது, கொழும்பில் கடைப்பிடிப்பது கடினம். 15 மீட்டர் ஆரமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 707 சதுர மீட்டர், நம் கணக்கில் 28 பேர்ச்சஸ். ஆறு பேர்ச்சஸ் துண்டுகளாகப் பிரித்து விற்ற காணியில் ஒருவர் கிணறு வெட்டினால், அந்த வட்டம் அவருடைய வேலிக்குள் அடங்கவே அடங்காது. நான்கைந்து அயலவர்களின் பின்மூலைகளையும் அது தொட்டுவிடும். ஆகவே உங்கள் கிணற்றை மட்டும் அளந்தால் போதாது. மதிலுக்கு அப்பாலுள்ள கிணறுகளையும் படத்தில் குறித்து, ஒவ்வொன்றையும் சுற்றி வட்டம் போட்டு, எஞ்சிய இடத்தில்தான் குழிக்கு இடம் தேட வேண்டும். குழாய்நீர் வந்துவிட்டதால் கிணற்றை யாரும் குடிப்பதில்லை என்று சமாதானம் சொல்வதுண்டு. நீர்வெட்டு வரும் நாளில் அதே கிணற்றில்தான் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் அள்ளுகிறார்கள்.

மூன்றாம் படி: அளவைக் கணக்கிடுங்கள்

ஒருவர் நாளொன்றுக்கு 150 லீற்றர் நீரைப் பயன்படுத்தினால் அதில் ஏறத்தாழ 80 சதவீதம், அதாவது 120 லீற்றர், கழிவுநீராக வெளியேறும். ஆறு பேர் உள்ள வீட்டுக்கு 720 லீற்றர். அது ஒரு நாள் நிற்க வேண்டுமாதலால் தொட்டியில் 720 லீற்றர் இடம் முதலில் வேண்டும். இனிச் சேற்றுக்கான இடம். மலசலகூடம், குளியலறை, சமையலறை மூன்றின் நீரும் சேரும் வீட்டில் ஆளுக்கு வருடம் 40 லீற்றர் சேறு சேரும் என்று வைத்து, மூன்று வருடங்களுக்கு ஒருமுறை அகற்றுவதாகக் கொண்டால் ஆறு பேருக்கு இன்னொரு 720 லீற்றர். கூட்டினால் 1440. ஊரிலிருந்து உறவினர் வந்து தங்கும் திருவிழாக் காலங்களையும், மூன்று வருடம் நான்கு வருடமாகிப்போகும் நம் வழக்கத்தையும் மனதில் வைத்து 2000 லீற்றருக்குக் குறையாமல் கட்டுங்கள் என்பதே என் ஆலோசனை.

அதற்குப் பொருத்தமான உள்ளளவு: அகலம் 0.75 மீட்டர், நீளம் 2.25 மீட்டர், நீரின் ஆழம் 1.2 மீட்டர். நீருக்கு மேல் 300 மில்லிமீட்டர் வெற்றிடம். நீளம் அகலத்தைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்காக இருப்பது முக்கியம். சதுரமான தொட்டியில் நீர் நுழைவாயிலிலிருந்து வெளிவாயிலுக்குக் குறுக்கு வழியில் போய்விடும். உட்புறத்தை ஒரு குறுக்குச் சுவரால் இரண்டாகப் பிரித்து, முதல் அறைக்கு மூன்றில் இரண்டு பங்கான 1.5 மீட்டரையும் இரண்டாவதற்கு 0.75 மீட்டரையும் கொடுக்க வேண்டும்.

தொட்டியின் கணக்கில் யாரும் அதிகம் பிழைவிடுவதில்லை. உறிஞ்சும் பரப்பின் கணக்கைத்தான் யாரும் போடுவதில்லை. நடுத்தரக் களிகலந்த மண்ணின் ஒரு சதுர மீட்டர் சுவர், நாளொன்றுக்குச் சுமார் 25 லீற்றரை நீண்டகாலம் தாங்கும். பருமணல் 50 வரை தாங்கும், இறுகிய களி பத்தைக்கூடத் தாங்காது. நல்ல மண் என்றே வைத்துக்கொண்டு 720ஐ 25ஆல் வகுத்தால் ஏறத்தாழ 29 சதுர மீட்டர் வேண்டும். வழக்கமாகக் கட்டும் 1.2 மீட்டர் விட்டமும் நீர் நுழையும் மட்டத்துக்குக் கீழ் 2 மீட்டர் ஆழமும் உள்ள குழியின் பக்கச்சுவர் ஏழரைச் சதுர மீட்டர்தான். அடியைக் கணக்கில் சேர்க்கக்கூடாது, சில மாதங்களில் அது வழுவழுப்பான படலத்தால் அடைபட்டுவிடும். ஆக, ஒரு வட்டம் வரைந்த இடத்தில் நான்கு வட்டங்கள் தேவை. படத்தில் அந்த ஒற்றை வட்டத்தை நான் ஏன் சந்தேகத்தோடு பார்க்கிறேன் என்பது இப்போது விளங்கும்.

நான்கு குழிகளுக்கு இடமில்லை என்றால், ஆழம் குறைந்த உறிஞ்சு அகழி நல்ல மாற்று. நீர் நுழையும் மட்டத்துக்குக் கீழ் 0.6 மீட்டர் ஆழமுள்ள அகழியின் இரு பக்கச்சுவர்களும் சேர்ந்து, ஒரு மீட்டர் நீளத்துக்கு 1.2 சதுர மீட்டர் தரும். 24 மீட்டர் நீளம் போதும், பன்னிரண்டு மீட்டரில் இரண்டாகப் பிரித்து மதிலோரமாக ஓட்டலாம். ஆழம் குறைவென்பதால் நிலத்தடி நீரிலிருந்தும் விலகியிருக்கும். இடமிருந்து இதே நீளத்தில் இன்னொரு தொகுதியும் அமைக்க முடிந்தால், இரண்டு தொகுதிக்கும் நடுவே ஒரு சிறு பிரிப்புப் பெட்டி வைத்து, ஆறு மாதத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி ஓய்வு கொடுத்தால் அடைபட்ட மண் மீண்டும் மூச்சுவிடத் தொடங்கும்.

இப்படி எல்லாவற்றையும் கணக்கிட்ட பிறகே வீட்டின் அத்திவாரக் கோட்டை வரையுங்கள். ஆறு பேர்ச்சஸ் என்பது 152 சதுர மீட்டர். அதில் பாதிக்கு மேல் வீடு போனால் அகழிக்கு மிஞ்சுவது எவ்வளவு என்று பார்த்து, தேவையானால் ஓர் அறையைக் குறைப்பது இந்தக் கட்டத்தில் ஒரு அழிறப்பரின் வேலை. இலங்கைத் தர நிறுவனத்தின் எஸ்.எல்.எஸ். 745 என்ற நியமம் இந்த வேலைக்கென்றே இரண்டு பகுதிகளாக வெளிவந்திருக்கிறது. படம் வரைபவரிடம் அதன்படி கணக்குக் காட்டச் சொல்லுங்கள்.

நான்காம் படி: தொட்டியைக் கட்டுதல்

அடித்தளம் 150 மில்லிமீட்டர் கொங்கிறீற்று. சுவர் ஒன்பது அங்குலச் செங்கல் அல்லது கம்பியிட்ட கொங்கிறீற்று. உட்புறம் முழுவதும், குறிப்பாக மூலைகளில், செறிவான சீமெந்துச் சாந்து பூசி, தூய சீமெந்தால் மெழுக வேண்டும். தொட்டியிலிருந்து ஒரு துளியும் பக்கவாட்டில் கசியக்கூடாது. "அடியில் ஓட்டை விட்டால் பவுசர் கூப்பிடவே தேவையில்லை" என்று, அதாவது சேற்றை உறிஞ்சியெடுக்கும் தாங்கி வண்டியே வேண்டாம் என்று, இரகசியம்போலச் சொல்லப்படும் யோசனையைக் கேட்காதீர்கள். அப்படிச் செய்தால் சேற்றோடு சேர்ந்து எல்லாமே மண்ணுக்குள் போய், இரண்டு வருடத்தில் சுற்றியுள்ள மண்ணும் அடைபடும், பக்கத்துக் கிணறும் கெடும்.

வீட்டிலிருந்து வரும் குழாய் 110 மில்லிமீட்டர் பிவிசி. சரிவு நாற்பதுக்கு ஒன்று முதல் அறுபதுக்கு ஒன்று வரை. திசை மாறும் ஒவ்வொரு இடத்திலும் திறந்து பார்க்கக்கூடிய பெட்டி வைக்க வேண்டும். தொட்டிக்குள் நுழையும் குழாயின் அடிமட்டம், வெளியேறும் குழாயின் அடிமட்டத்தைவிட 75 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். இரண்டு முனைகளிலும் டீ வடிவ இணைப்பு கட்டாயம். நுழைவாயில் டீயின் கால் நீருக்குள் 300 மில்லிமீட்டர் வரை இறங்கி, வரும் நீரின் வேகத்தை அடக்கும். வெளிவாயில் டீயின் கால் 480 மில்லிமீட்டர், அதாவது நீராழத்தில் ஐந்தில் இரண்டு பங்கு வரை இறங்கி, மேலே மிதக்கும் ஆடைக்கும் கீழே கிடக்கும் சேற்றுக்கும் நடுவிலிருந்து நீரை எடுக்கும். குறுக்குச் சுவரின் துவாரங்களும் இதே காரணத்தால் நடுவாழத்தில் இருக்க வேண்டும். அந்தச் சுவர் மூடியைத் தொடக்கூடாது, வாயு மேலால் கடந்துபோக இடம் விடுங்கள். இருபது ரூபாய் மிச்சம் பிடிப்பதுபோல டீயை விட்டுவிட்டு வெறும் குழாயை நீட்டிய தொட்டிகளை நான் திறந்து பார்த்திருக்கிறேன். மேலாடை நேராக உறிஞ்சுகுழிக்குப் போய், தார் பூசியதுபோலச் சுவரை மூடியிருக்கும்.

மூடி பல துண்டுகளாக, தூக்குவதற்குக் கம்பி வளையங்களோடு இருக்கட்டும். இரண்டு டீக்களுக்கும் நேர்மேலே திறப்பு வேண்டும். காற்றுக்குழாய் கூரைக்கு மேல் உயர்ந்து, அதன் வாயில் துருப்பிடிக்காத வலை கட்டப்பட்டிருக்க வேண்டும். வலையைச் சிறு விஷயம் என்று எண்ண வேண்டாம். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் நுளம்புக்கு இந்தக் குழிகளின் அழுக்குநீரே தாய்வீடு. மேல் மாகாணக் கரையோரத்தைப் பல தலைமுறைகளாக வாட்டிய அந்த நோயைப் பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையிலிருந்து இலங்கை நீக்கிவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2016இல் அறிவித்தது. மூடி வெடித்த ஒவ்வொரு குழியும் அந்த உழைப்பைப் பின்னுக்கு இழுக்கிறது.

கட்டி முடிந்ததும் வெளிவாயிலை அடைத்து, வாய்வரை நீர் நிரப்பி, 24 மணிநேரம் விட்டு மட்டத்தைப் பாருங்கள். இறங்கியிருந்தால் பூச்சைத் திருத்தாமல் மண்ணை மூட விடாதீர்கள்.

கடையில் வாங்கும் பிளாஸ்ரிக் அல்லது பைபர் தொட்டியை இறக்குவதானால் இன்னொரு எச்சரிக்கை. தாழ்நிலத்தில் அது மிதக்கும். 2000 லீற்றர் தொட்டியை நிலத்தடி நீர் சூழ்ந்தால் ஏறத்தாழ இரண்டு தொன் விசையோடு மேலே தள்ளும், தொட்டியின் எடையோ நூறு கிலோவைத் தாண்டாது. கொலன்னாவையில் ஒரு வீட்டில் மழையிரவுக்கு மறுநாள் காலை, புதிதாகப் பதித்த முற்றக் கற்களை விலக்கிக்கொண்டு தொட்டியின் தலை வெளியே நின்றது. அது ஒரு வெள்ளை ஆமையின் ஓடுபோலத் தெரிந்தது. குழாய்கள் எல்லாம் முறிந்திருந்தன. அடியில் கொங்கிறீற்றுப் பலகை போட்டு, அதனோடு தொட்டியைப் பட்டிகளால் கட்டி, மண்ணை நிரப்பும்போதே உள்ளே நீரையும் நிரப்பியிருந்தால் இந்தச் செலவு வந்திராது. பவுசர் வந்து முழுவதும் உறிஞ்சும் நாளிலும் இதே ஆபத்து இருப்பதால், மாரியில் தொட்டியை வெறுமையாக்க வேண்டாம்.

ஐந்தாம் படி: எது உள்ளே போகலாம், எது போகக்கூடாது

கூரைநீர் ஒருபோதும் தொட்டிக்குள் போகக்கூடாது. ஒரு பெருமழை போதும், ஒரு வருடச் சேற்றையும் கிளறி உறிஞ்சுகுழிக்குள் தள்ளிவிடும். மாறாக, குளியலறை நீரைக் கானுக்கு விடுவதும் சரியல்ல. அது சட்டத்துக்கும் முரண், அந்தக் கான்கள் கிருலப்பனை, வெள்ளவத்தைக் கால்வாய்களுக்கும் பேரை வாவிக்குமே போய்ச் சேர்கின்றன. பேரை வாவியின் பச்சை நிறத்துக்கு நாம் எல்லோரும் ஒரு வாளி ஊற்றியிருக்கிறோம்.

சமையலறை நீர் தொட்டியை அடையுமுன் எண்ணெய்ப் பொறியைக் கடக்க வேண்டும். தேங்காய்ப்பாலும் பொரித்த எண்ணெயும் தினமும் புழங்கும் நம் சமையலறைக்கு இது அவசியம். இரண்டடி நீளமுள்ள, நடுவில் தொங்குதடுப்பு வைத்த ஒரு சிறு பெட்டியே போதும். எண்ணெய் மேலே தங்கும், நீர் தடுப்பின் அடியால் போகும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மேற்படையை அகப்பையால் வழித்துக் கடதாசியில் சுற்றிக் குப்பையோடு போடுங்கள். வெந்நீர் ஊற்றிக் கரைத்துவிடுவது வேலையை அடுத்த பெட்டிக்குத் தள்ளுவதாகும், குளிர்ந்ததும் அங்கே மீண்டும் உறையும்.

மாதவிடாய்த் துவாய், குழந்தைகளின் பம்பர்ஸ், ஈரத்துடைப்புத்தாள் மூன்றும் மலசலகூடத்துக்குள் போகவே கூடாது. கழிவறை கழுவும் திரவத்தைச் சாதாரண அளவில் பயன்படுத்துவதால் தொட்டிக்குக் கேடில்லை, அசிட்டைப் போத்தல் போத்தலாக ஊற்றுவதால் உண்டு. தொட்டியைத் தொடங்கிவைக்கச் சாணமும், வருடாவருடம் பக்கற்றில் விற்கும் பக்ரீரியாத் தூளும் தேவையா என்று கேட்பார்கள். தேவையில்லை, நம் வயிறு தினமும் இலவசமாக அனுப்பிவைக்கிறது.

நீர் மேலே நிற்கும் காணிக்கு என்ன வழி

மண் பரிசோதனையில் தோற்றுப்போன காணிக்கு மூன்று வழிகள் உண்டு. ஒன்று, தரைக்கு மேல் மணலால் மேடு கட்டி, அதற்குள் துவாரக் குழாய்களை ஓட்டி, உலர்மண்ணைச் செயற்கையாக உண்டாக்குவது. இதற்கு இடமும் பெரும்பாலும் ஒரு சிறு பம்பியும் வேண்டும். இரண்டாவது, தொட்டிக்கு அடுத்து ஒரு சல்லி வடிகட்டி. இரண்டு சென்ரிமீட்டர் முதல் ஆறு சென்ரிமீட்டர் வரையான கருங்கல் சல்லியை ஒரு மீட்டருக்குச் சற்று மேலான உயரத்துக்கு நிரப்பிய அறையில், நீர் அடியிலிருந்து மேலே ஏறும். கற்களில் படரும் நுண்ணுயிர்ப் படலம் கழிவை உண்ணும். அதற்கடுத்து ஆளுக்கு ஒன்று முதல் இரண்டு சதுர மீட்டர் வரை, கல்வாழையோ சம்புவோ நட்ட சல்லிப் படுக்கையை வைத்தால் வெளிவரும் நீரில் நாற்றம் பெரும்பாலும் இராது. மஞ்சளும் சிவப்புமாகப் பூக்கும் கல்வாழைப் பாத்தியை விருந்தினர் பூந்தோட்டம் என்றே நினைப்பார்கள். மேற்பரப்பு நீருக்கு விடும் இத்தகைய அமைப்புகளைப் பற்றி எஸ்.எல்.எஸ். 745இன் இரண்டாம் பகுதி பேசுகிறது. கிருமிநீக்கமும் உள்ளூராட்சி சபையின் அனுமதியும் இல்லாமல் அந்த நீரைக் கானில் சேர்க்க முடியாது.

மூன்றாவது, காற்றூதி வைத்த தயார்நிலைச் சுத்திகரிப்பு இயந்திரம். விற்பவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள், நான் கடைசியில் சொல்கிறேன். காற்றில் வாழும் நுண்ணுயிர்களுக்கு இடைவிடாத மின்சாரம் வேண்டும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்தபோது பல தொடர்மாடிகளின் இயந்திரங்கள் நாற்றமடிக்கும் தொட்டிகளாகவே மாறின. தொடர்மாடிக்கும் விடுதிக்கும் இதைத் தவிர்க்க முடியாமல் இருக்கலாம். அங்கே வெளியேறும் நீர், உள்நாட்டு மேற்பரப்பு நீருக்கென வர்த்தமானியில் விதிக்கப்பட்ட நடப்பு எல்லைகளுக்குள் இருக்க வேண்டும். 2008ஆம் ஆண்டு வர்த்தமானியில் அவை ஐந்துநாள் உயிரியல் ஒட்சிசன் தேவை லீற்றருக்கு 30 மில்லிகிராம், நீரில் தொங்கும் திண்மங்கள் 50, எண்ணெயும் கொழுப்பும் 10 என்று இருந்தன. ஆறு பேர் வீட்டுக்கு, ஆள் பார்க்காவிட்டாலும் இயங்கும் கல்லும் செடியுமே மேல்.

ஆறாம் படி: பவுசரைக் கூப்பிடும் நாள்

நிரம்பி வழிந்த பிறகு கூப்பிடுவது காலம் கடந்த செயல். அதற்குள் சேறு உறிஞ்சுகுழிக்குப் போயிருக்கும். வருடம் ஒருமுறை வெளிவாயில் பக்கத்துத் திறப்பால் ஒரு நீளத்தடியை, அதன் அடிப்பாதியில் பழைய வெள்ளைத் துவாயைச் சுற்றிக் கட்டி, அடி தொடும்வரை மெல்ல இறக்கி, சில நிமிடம் விட்டு நேராக எடுங்கள். கறுத்த சேறு துவாயில் எவ்வளவு உயரத்துக்கு ஒட்டியிருக்கிறது என்பது தெளிவாகத் தெரியும். சேறும் மேலாடையும் சேர்ந்து நீராழத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால், நமது தொட்டியில் 400 மில்லிமீட்டர், அந்த மாதமே அகற்ற ஏற்பாடு செய்யுங்கள்.

மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை பலவற்றில் கட்டணம் செலுத்திப் பவுசருக்குப் பதியலாம். தனியார் பவுசரை அழைத்தால் எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறீர்கள் என்று கேட்டு, பற்றுச்சீட்டு வாங்குங்கள். பதிலுக்குத் தடுமாறினால் அது இரவில் ஏதாவது கால்வாய்க்கே போகும். இரண்டு அறைகளிலிருந்தும் எடுக்க வேண்டும். முதல் அறையில் மட்டும் குழாயை விட்டுவிட்டுப் போவது வழக்கம், அருகில் நின்று பாருங்கள். அடியில் ஓரிரு அங்குலச் சேற்றை விதையாக விட்டுவிடலாம். கழுவித் துடைக்கத் தேவையில்லை.

எக்காரணம் கொண்டும் யாரும் உள்ளே இறங்கக்கூடாது. மேசன், வேலையாள், வீட்டுக்காரர் யாராக இருந்தாலும். தொட்டிக்குள் சேரும் ஐதரசன் சல்பைட்டு வாயு செறிவானதும் மூக்கின் மணவுணர்வையே மரக்கச் செய்துவிடும், நாற்றம் போய்விட்டது என்று எண்ணும் கணத்தில் ஆள் மயங்கி விழுந்திருப்பார். அவரைக் காப்பாற்ற இறங்கும் இரண்டாமவரும் மூன்றாமவரும் அதே இடத்தில் மடிந்த செய்திகளை நாம் அடிக்கடி வாசித்திருக்கிறோம். திறந்த மூடியின் அருகே சிகரெட், தீக்குச்சி எதுவும் வேண்டாம், மெதேன் எரியும். பிள்ளைகளை வீட்டுக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒரு சிறு வேலை. தொட்டியின் இரண்டு திறப்புகளும் அகழிகளின் தொடக்கமும் முடிவும் வீட்டின் எந்த இரண்டு மூலைகளிலிருந்து எத்தனை மீட்டர் என்பதை அளந்து, ஒரு தாளில் கோட்டுப்படமாக வரைந்து, கடைசியாகச் சேறு அகற்றிய திகதியையும் எழுதுங்கள். ஒரு பிரதியை மின்மானிப் பெட்டிக் கதவின் உட்புறத்தில் ஒட்டுங்கள், இன்னொன்றைக் காணி உறுதியோடு வையுங்கள். பத்து வருடம் கழித்துப் பவுசர் வாசலில் இரைந்துகொண்டு நிற்க, மூடி எங்கே என்று தெரியாமல் பதித்த கற்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த வீடுகள் பலவற்றில் நானும் நின்றிருக்கிறேன்.